விளக்கும் நெய்யும்: ஊராட்சிக்கு வரும் வளர்ச்சி நிதியை எதற்குச் செலவிடலாம்?



பேச வரச் சொல்லி அழைத்தபோது, இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் பத்திரத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். இரண்டே பக்கம். நிறுவியவர் ஒரு பள்ளி ஆசிரியை. பணி ஓய்வின்போது கைக்கு வந்ததில் ஒரு பகுதியை வங்கியில் வைப்பாகப் போட்டிருக்கிறார். முதலைத் தொடக் கூடாது, வட்டியில் ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடத்த வேண்டும், அதை அச்சிட்டு நூலகங்களுக்கு விலையில்லாமல் அனுப்ப வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். மண்டபத்துக்கு இவ்வளவு, அச்சுக்கு இவ்வளவு என்றெல்லாம் பிரிக்கவில்லை. பேச்சு, கேட்க வருகிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்று மட்டும் ஒரு வரி சேர்த்திருக்கிறார். முப்பது ஆண்டுகள் உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்தவன் நான். நிபந்தனையோடு வந்த பணத்தின் தாள்களைப் படிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஒரு தொகையைக் கொடுத்து ‘இதற்குத்தான்’ என்று ஒருவர் சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு நம்பிக்கையும் எவ்வளவு பயமும் இருக்கின்றன என்பதைப் பார்த்துப் பழகியவன். இன்றும் அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஊர் வளர்ச்சிக்கென்று ஊராட்சிக்கு வரும் மானியத்தை எதற்கெல்லாம் செலவிடலாம், அந்த வரம்பை யார் போடுகிறார்கள், போட்ட வரம்பு ஊருக்குள் வந்து சேரும்போது என்ன ஆகிறது?

நிபந்தனையோடு வந்த கொடைக்கு முதலில் ஒரு பழைய எடுத்துக்காட்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு வைத்த நிவந்தங்கள் நிறைய உண்டு. ஒரு விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அந்த நெய்க்காக 96 ஆடுகள் விடுவார்கள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். கால்நடைகளை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள். அவர்கள் நாள் தவறாமல் நெய் அளக்க வேண்டும். இப்படி விடப்பட்ட ஆடுகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. ஆடு சாகத்தான் செய்யும், கிழடாகத்தான் செய்யும். குட்டி வந்து அதன் இடத்தை நிரப்பி, எண்ணிக்கை குறையாமல் நிற்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். விளக்குத் தண்டைச் செய்து வைத்ததோடு அந்தக் கொடை முடிந்துவிடவில்லை. நாளைக்கு நெய் ஊற்றப்போவது யார் என்பதையும் சேர்த்தே கல்லில் வெட்டினார்கள். இந்த நெய்க் கணக்குக்குப் பிறகு திரும்பி வருகிறேன்.

நம் காலத்து ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. குடிநீர், சாலை, சுகாதாரம், தெருவிளக்கு என்று ஊராட்சிகளிடம் விடத்தக்க 29 பொருள்களைப் பதினோராம் அட்டவணை சொல்கிறது. தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் என்று ஊராட்சி தானே திரட்டுவது பல இடங்களில் தெருவிளக்குச் செலவுக்கே காணாது. மீதியெல்லாம் மேலிருந்து வர வேண்டும். மாநில வரி வருவாயில் ஒரு பங்கு மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி வருகிறது. மத்திய நிதி ஆணையத்தின் மானியம் வேறு. திட்டத்துக்குத் திட்டம் வருவது வேறு.

ஊராட்சிச் செயலரிடம் பணத்தைப் பற்றிக் கேட்டால் கணக்கு எண்ணைச் சொல்லித்தான் பதில் வரும். ஒன்றாம் கணக்கு பொது நிதி. இரண்டாம் கணக்கு மின்கட்டணமும் குடிநீர் வாரியக் கட்டணமும் கட்டுவதற்கு. மூன்றாம் கணக்கு திட்டப் பணம். இதில் இருப்பதை எடுத்து அதற்குக் கொடுத்தால் தணிக்கைத் தடை. கோடையில் மோட்டார் எரிந்துபோய், ஒன்றாம் கணக்கில் பணமில்லாமல், மூன்றிலிருந்து எடுத்துக் காயில் கட்டி ஊருக்குத் தண்ணீர் கொடுத்த தலைவர்களின் பெயரில் நான் தடை எழுதியிருக்கிறேன். விதிப்படி எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தடைகளை எழுதிய பேனா எனக்கு இன்றும் கனக்கிறது.

என்.கே. சிங் தலைமையிலான 15ஆவது நிதி ஆணையம், 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு நாடு முழுவதும் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. முந்தைய 14ஆவது ஆணையம் கிராம ஊராட்சிக்கு மட்டும் கொடுத்ததை, இது ஊராட்சி ஒன்றியத்துக்கும் மாவட்ட ஊராட்சிக்கும் சேர்த்துப் பிரித்தது. கிராம ஊராட்சிக்கு 70 முதல் 85 விழுக்காடு வரை போக வேண்டும் என்றது. நமக்கு இன்று முக்கியம் அந்தப் பணத்தின் உட்பிரிவு. அந்த ஐந்தாண்டில் நூறு ரூபாய் வந்தால் அறுபது ரூபாய் கட்டுண்ட நிதி. அதில் முப்பது குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கு. இன்னொரு முப்பது துப்புரவுக்கும், திறந்தவெளிக் கழிப்பிடமற்ற நிலையைக் காப்பதற்கும். மீதி நாற்பது ரூபாய் கட்டற்ற நிதி. 29 பொருள்களுக்குள் ஊர் தன் தேவையென்று உணரும் எதற்கும் செலவிடலாம் என்றிருந்தது. ஒன்றே ஒன்றைத் தவிர: சம்பளத்துக்கும் அலுவலக நிர்வாகச் செலவுக்கும் அதைத் தொடக் கூடாது. குடிநீர், துப்புரவு இரண்டில் ஒன்றில் இனிச் செய்ய வேலையே இல்லையென்று கிராம சபை உறுதி செய்தால், அந்தப் பங்கை மற்றதற்குத் திருப்பலாம் என்ற வழியும் இருந்தது.

கேட்பதற்கு நியாயமான பிரிப்புதான். தண்ணீரும் துப்புரவும் இல்லாமல் வேறென்ன வளர்ச்சி? மேலே இருப்பவர்களுக்கு ஒரு பயமும் உண்டு. ஊரை அதன் போக்கில் விட்டால் எல்லாப் பணத்தையும் நுழைவு வளைவிலும் பேவர் பிளாக்கிலும் போட்டுவிடுவார்கள் என்ற பயம். அது வீண் பயமென்று சொல்ல மாட்டேன். வடிகால் இல்லாத தெருவில் பேவர் பிளாக் பதித்து, முதல் மழையிலேயே தண்ணீர் வீட்டுக்குள் ஏறியதை நேரில் பார்த்தவன் நான். ஆனால் அந்தப் பயத்தில் எழுதிய விதி ‘என்ன பொருளுக்கு’ என்ற கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு நின்றுவிடுகிறது. அந்த இடத்தில்தான் எனக்கு மனக்குறை. ஒரு சம்பவத்தோடு அதைச் சொல்கிறேன்.

2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை. குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி என்ற நான்கோடு மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்தன. ஓய்வு பெற்ற பிறகு ஒரு நவம்பர் 1 அன்று, தென் மாவட்டத்து ஊர் ஒன்றின் கிராம சபையில் போய் உட்கார்ந்தேன். பள்ளிக்கூட வேப்பமரத்தடி. ஜமுக்காளம், நான்கு நாற்காலி, ஒரு மைக். குடிநீருக்கான கட்டுண்ட நிதியில் ஊருக்கு மூன்றாவது மேல்நிலைத் தொட்டி கட்டுவது என்று ஒரு தீர்மானம் படிக்கப்பட்டது. மதிப்பீடு பல லட்சம். கை தூக்கும் நேரத்தில் காலனித் தெருவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். மைக் வேண்டாமென்று கையசைத்துவிட்டுப் பேசினார்.

“தலைவரே, இருக்கிற ரெண்டு டேங்கும் நெறஞ்சு வழியுது. நாங்க பாக்குறோமில்ல. தண்ணியில குறையில்ல. மேலத் தெருவுல குழாயத் தெறந்துட்டா அங்கயே நின்னுருது. அவுக குடம், அண்டா, மாட்டுத் தொட்டி எல்லாம் நெறஞ்சு மூடுனாத்தான் எங்களுக்கு வரும். அதுக்குள்ள மோட்டார நிப்பாட்டிருவாக. மூணாவது டேங்க் கட்டுனா அதுவும் மேலத் தெருவுக்குத்தான் போகும். தெருவுக்கு ஒரு வால்வு வச்சு, முறை போட்டு விடுங்க. எங்க முறைக்கு எங்களுக்கு வரட்டும்.”

ஓவர்சியர் எழுந்து நின்றார். தொட்டியிலிருந்து ஒரே குழாய்தான் தெருத் தெருவாகப் போகிறது, காலனி கடைசியில் மேட்டில் இருக்கிறது, கேட் வால்வு வைத்துப் பிரித்தால் அழுத்தம் கிடைக்கும் என்று ஒப்புக்கொண்டார். செலவு? மூன்று வால்வு, மூன்று சேம்பர், கொஞ்சம் குழாய். ஆயிரக்கணக்கில் முடிகிற வேலை.

நான் அங்கே தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அந்த ஊரின் இரண்டாவது தொட்டி கட்டிய ஆண்டில் கணக்கைத் தணிக்கை செய்தவன் நானே. பணியின் அளவுகளைப் பதியும் எம் புக்கை வரி வரியாகப் பார்த்தது நினைவில் இருக்கிறது. அடித்தளக் குழி அளவு சரி. கம்பி எடை சரி. சிமெண்ட் மூட்டைக் கணக்கு சரி. நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, பணி முடிவுச் சான்று எல்லாம் தேதிப்படி சரி. குடிநீர்ப் பணத்தைக் குடிநீருக்குச் செலவிட்டிருக்கிறார்கள் என்று கையெழுத்துப் போட்டேன். ஒரு பைசா தவறில்லை. அந்தத் தண்ணீர் எந்தத் தெரு வரைக்கும் போனது என்று எழுத என் படிவத்தில் இடமில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பக்கத்துத் தெருவுக்கு நடந்துபோய்க் குழாயடியில் ஒருவரை விசாரிக்க எனக்குத் தடையேதும் இருக்கவில்லை.

விதியை வேறு மாதிரி எழுத முடியுமா? முடியும். அமெரிக்காவில் நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் மத்திய அரசு கொடுக்கும் சமுதாய வளர்ச்சித் தொகுப்பு மானியம் 1974இல் வந்தது. அதிபர் ஃபோர்டு அந்த ஆண்டு ஆகஸ்டில் கையெழுத்திட்ட வீட்டுவசதி, சமுதாய வளர்ச்சிச் சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு. அதற்கு முன் குடிசை மாற்றத்துக்கு ஒன்று, சாக்கடைக்கு ஒன்று என்று தனித்தனிப் பெட்டியில் வந்த பணங்களை ஒரே தொகுப்பாக்கி, எதற்கு என்று ஊரே தீர்மானிக்கட்டும் என்று விட்டார்கள். சாலை போடலாம், வீடு பழுது பார்க்கலாம், முதியோர் மையம் கட்டலாம், சிறு தொழிலுக்கு உதவலாம். விட்டுவிட்டு, பிற்பாடு ஒரு பெரிய கட்டுப் போட்டார்கள். மானியத்தில் குறைந்தது 70 விழுக்காடு, குறைந்த வருமானமும் மிதமான வருமானமும் உள்ள மக்களுக்குப் பயன்படும் வேலைகளுக்குப் போயிருக்க வேண்டும். அந்த வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் 80 விழுக்காட்டுக்குள் இருப்பவர்கள் அவர்கள். ஒரு தெருவுக்கோ பூங்காவுக்கோ செலவிட்டால், அதைச் சுற்றிக் குடியிருப்பவர்களில் பொதுவாக 51 விழுக்காட்டினராவது அந்த வருமான வரம்புக்குள் இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். நேரடிச் சேவைகளுக்கு 15 விழுக்காடு, திட்டமிடலுக்கும் நிர்வாகத்துக்கும் 20 விழுக்காடு என்று உச்சவரம்பு உண்டு. நகராட்சி தனக்கு அலுவலகம் கட்டிக்கொள்ள அந்தப் பணத்தைத் தொட முடியாது.

நம் விதி ‘எந்தப் பொருளுக்கு’ என்று கேட்கிறது. அந்த விதி ‘யாருக்கு’ என்று கேட்கிறது. அதிலும் ஓட்டை உண்டு. சுற்றிலும் ஏழைகள் குடியிருந்தால் போதும், பூங்காவுக்குள் வந்து உட்காருகிறவர்கள் யார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனாலும் காலனித் தெரு அம்மாவின் கேள்வி அங்கே விதிக்குள்ளேயே இருக்கிறது. அவர் எழுந்து நின்று கேட்க வேண்டிய கட்டாயம் குறைகிறது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பக்கத்தில் கேரளத்தில் 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு விட்டார்கள். அதில் குறைந்தது பத்து விழுக்காடு பெண்களுக்கான திட்டங்களுக்கு என்று பிரித்து வைத்தார்கள். என்ன திட்டம் என்று ஊர் முடிவு செய்யும், யாருக்கு என்பதில் விட்டுக்கொடுக்க முடியாது. பட்டியல் சாதி மக்களுக்கான துணைத் திட்டமும் அதே கருத்தில் எழுந்ததுதான். நிதி ஆணைய மானியத்தின் ஒவ்வொரு வேலையிலும் இந்தக் கேள்வியை நாம் கேட்கத் தொடங்கினால் போதும். அதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஒவ்வொரு பணிக்கும் நேரே எந்தெந்தத் தெரு, எத்தனை வீடு, கடைசி வீடு எது என்று எழுதச் சொல்ல வேண்டும். ‘குடிநீர்ப் பணி’ என்று எழுதிய தீர்மானத்துக்கும் ‘காலனித் தெருவின் கடைசி வீடு வரை குடிநீர்’ என்று எழுதிய தீர்மானத்துக்கும் உள்ள தூரம், அந்தத் தெருவில் குடம் தூக்குகிறவர்களுக்குத் தெரியும்.

இனி நெய்க் கணக்கு.

அந்த அமெரிக்க விதிநூலில் ஒரு வரியைப் படித்தபோது அப்படியே நின்றுவிட்டேன். மானியத்தைப் பராமரிப்புக்குச் செலவிடக் கூடாது என்று சொல்லிவிட்டு, எடுத்துக்காட்டு கொடுக்கிறார்கள். சாலையில் விழுந்த குழியை அடைப்பது, நடைபாதை வெடிப்பைப் பூசுவது, பூங்காப் புல் வெட்டுவது, எரிந்துபோன தெருவிளக்கு பல்பை மாற்றுவது. இவையெல்லாம் கூடாது. விளக்குக் கம்பம் நடலாம். பல்பு போனால் நகராட்சி தன் சொந்த வரியிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்த வரி உள்ள ஊருக்கு அது சரி. வருமானமில்லாத ஊரில், மானியத்தில் நட்ட கம்பம் இருட்டில் நிற்கும்.

நம் நிதி ஆணைய விதி பல்பைத் தடுக்கவில்லை. அந்தப் பல்பை ஏறி மாற்றும் ஆளின் சம்பளத்தைத் தடுக்கிறது. மானியம் முழுவதும் ஊதியத்தில் கரைந்துவிடக் கூடாது என்ற எண்ணம் புரிகிறது. ஊரில் அதன் விளைவு வேறாக இருக்கிறது. டேங்க் ஆபரேட்டர் என்று ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார். விடிய நான்கு மணிக்கு எழுந்து மோட்டார் போடுவார், தொட்டி கழுவுவார், பிளீச்சிங் பவுடர் கலப்பார், எங்கே குழாய் உடைந்தாலும் சைக்கிளில் போய் மண்ணைத் தோண்டுவார். தூய்மைக் காவலர் என்று பெண்கள் இருப்பார்கள். வீடு வீடாகக் குப்பை வாங்கி, மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று பிரிப்பார்கள். தண்ணீருக்கும் துப்புரவுக்கும் என்று வரும் பணம் இவர்கள் கையால்தான் தண்ணீராகவும் துப்புரவாகவும் மாறுகிறது. இவர்களுடைய கூலியோ மாநில மானியத்திலிருந்தும் ஊரின் மெலிந்த பொது நிதியிலிருந்தும் வர வேண்டும். வருவது குறைவு, வருகிற நாளும் உறுதியில்லை. குப்பை வண்டி புதிதாக வாங்கி நிற்கும். இழுக்கிறவருக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருக்கும். இதைப் பல ஊராட்சிகளின் வரவு செலவில் பக்கத்துப் பக்கத்துப் பக்கங்களில் பார்த்தேன்.

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற கணக்கில் வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கிறது. நல்ல திட்டம். குடம் தூக்கித் தேய்ந்த பெண்களின் இடுப்புக்கு அது கொடுக்கும் ஓய்வை நான் குறைத்து மதிக்க மாட்டேன். ஆனால் குழாய் இருநூறாகப் பெருகினால் வாஷரும் இருநூறாகப் பெருகும். மோட்டார் ஓடும் நேரம் கூடும், மின்கட்டணம் கூடும். அதைக் கட்ட ஊராட்சிக்கு என்ன வழி?

ஒரு வழியை நம் மாநிலத்திலேயே ஓர் ஊர் காட்டியிருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை. பவானி ஆற்றுத் தண்ணீரை ஏற்றிக் கொடுக்கத் தொடங்கியதும் மின்கட்டணம் ஊராட்சியை விழுங்கப் பார்த்தது. தலைவராக இருந்த ஆர். சண்முகம் முதலில் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை, மரக்கழிவில் ஓடும் ஒரு சிறிய மின் உற்பத்திக் கருவிக்கு மாற்றிப் பார்த்தார். பிறகு 2006இல், ஊராட்சியின் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து, ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் செலவில், உடுமலைப்பேட்டைப் பக்கம் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியின் பெயரில் நிறுவினார். ஊர் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. அந்த வருமானத்திலேயே வங்கிக் கடன் அடைந்தது. அந்தக் காற்றாலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு 96 ஆடுகள் நினைவுக்கு வருகின்றன. முதல் குறையாமல் நிற்கிறது, நாள்தோறும் நெய் வருகிறது, விளக்கு எரிகிறது. எல்லா ஊரும் காற்றாலை வாங்க முடியாது. வாரச் சந்தைக் கடைகளாக இருக்கலாம், கண்மாய் மீன் குத்தகையாக இருக்கலாம், பள்ளிக்கூடக் கூரையில் சூரியத் தகடாக இருக்கலாம். மானியத்தில் ஒரு பங்கை இப்படி வருமானம் தரும் சொத்தாக மாற்றி, அந்த வருமானத்தைப் பராமரிப்புக்கென்று கட்டிவைக்க விதியே ஊக்கம் கொடுக்க வேண்டும். அடுத்தடுத்த நிதி ஆணையங்கள் முன் நான் வைக்கும் கோரிக்கை இதுதான். கட்டுப் போடுங்கள், தவறில்லை. நெய்க்கும் ஒரு பங்கைக் கட்டிப் போடுங்கள்.

ஊரின் அறிவை நம்பும் விஷயத்தில் இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும். திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996இல் தலைவராக வந்த இளங்கோ ரங்கசாமி ஒரு வேதிப் பொறியாளர். வடிகால் கட்டும்போது, மதிப்பீட்டில் சொன்ன பொருளை விட்டுவிட்டு, அருகில் மலிவாகக் கிடைத்த கழிவுக் கருங்கல்லைப் பயன்படுத்தினார். செலவு மிகவும் குறைந்தது. வடிகால் உறுதியாக நின்றது. மதிப்பீட்டிலிருந்து விலகினார் என்று பதவியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டார். ஊர் கூடியது, கிராம சபை கூடியது, அவர் மீண்டும் பொறுப்புக்கு வந்தார். தணிக்கையில் என்னோடு வேலை செய்த இளைஞர்களிடம் இந்தக் கதையை அடிக்கடி சொல்வேன். எம் புக்கில் இருப்பதும் தரையில் இருப்பதும் வேறுபட்டால் முதலில் தரையைப் பாருங்கள், மிச்சம் பிடித்த பணம் யாருடைய பையிலும் போகாமல் ஊருக்கே திரும்பியிருந்தால் அதைத் திருட்டுக்குச் சமமாக எழுதாதீர்கள் என்பேன். திருட்டும் இருக்கிறது, எனக்குத் தெரியாததல்ல. போடாத சாலைக்குப் பட்டியல் எழுதியவர்களிடம் சர்சார்ஜ் போட்டுப் பணத்தைத் திரும்பக் கட்டவைத்திருக்கிறேன். அதைச் செய்ததில் எனக்கு வருத்தமே இல்லை. இரண்டையும் பிரித்தறியும் கண் தணிக்கைக்கு வேண்டும். அந்தக் கண்ணை விதிநூல் கொடுக்காது. ஊருக்குள் நடந்தால் கிடைக்கும்.

மானியம் வருவதே தேர்தலோடு முடிச்சுப் போட்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய நம் உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போனது. ஊரகத்தில் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் ஆயிற்று. இடையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்ற காரணத்தால் மத்திய மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது. மோட்டார் காயில் மட்டும் தேர்தலுக்காகக் காத்திருக்கவில்லை, அது எரிந்துகொண்டேதான் இருந்தது. 2019இல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, அந்த மாவட்டங்களில் மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். அவர்களில் நல்லவர்கள் பலரை அறிவேன். ஒருவர் கையில் பல ஊர் இருக்கும்போது, காலனித் தெருவின் குழாய் எந்த மேட்டில் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபைக்கு உயிர் உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். மூவாயிரம் பேர் வரை உள்ள ஊரில் நூறு பேர் வந்தால் குறைவெண் நிறைந்துவிடும். ஐந்நூறுக்குள் என்றால் ஐம்பதே போதும். இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியின் பெயரைத் தட்டினால், எந்த வேலைக்கு எவ்வளவு போனது என்று கைப்பேசியிலேயே தெரியும். இங்கே வந்திருக்கும் மாணவர்கள் இன்று இரவு ஊருக்குப் போனதும் அதைப் பாருங்கள். பார்த்ததை வீட்டில் அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள்.

அந்த நவம்பர் 1 கிராம சபை எப்படி முடிந்தது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். மூன்றாவது தொட்டித் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. செயலர் தீர்மானப் புத்தகத்தில் புதிதாக எழுதினார். கூட்டம் கலையத் தொடங்கியதும் எல்லாரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுப் போனார்கள். அந்த அம்மா புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“கிளார்க்குத் தம்பி, ‘தெருக்களுக்கு வால்வு அமைப்பது’ன்னு மட்டும் போட்ருக்கீக. எந்தத் தெருன்னு இல்லையே.”

செயலர் பேனாவை வாங்கி, வரிக்கு மேலே ‘மேலத் தெரு, பள்ளிக்கூடத் தெரு, காலனித் தெரு’ என்று சிறிய எழுத்தில் சேர்த்தார். திறந்து மூடுவது யார் என்று அம்மா அடுத்துக் கேட்டார். டேங்க் ஆபரேட்டர் என்று சேர்ந்தது. வாஷர் போனால் எந்தப் பணம் என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் கேட்டார். ஒன்றாம் கணக்கு என்று அதுவும் சேர்ந்தது. பக்கத்தின் ஓரத்தில் இடம் தீர்ந்துபோய், கடைசி இரண்டு சொற்களைச் செயலர் செங்குத்தாக எழுதினார். அதன் பிறகுதான் அந்த அம்மா கையெழுத்துப் போட்டார்.